டர்பனில் வேலை, பாகுபாடு, வழக்கு: எங்கே தொடங்குவது?

"ஆபீஸில் பாகுபாடு காட்டுகிறார்கள், கேஸ் போடலாமா?" சென்னையிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு ஜோகனஸ்பர்க் வந்த இளைஞரும் இதைக் கேட்கிறார், ஐந்து தலைமுறையாக டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் குடும்பத்துப் பெண்ணும் கேட்கிறார். போடலாம். தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த விஷயத்தில் பலமாகவே இருக்கிறது. ஆனால் நியாயமான குறைகள் பல, தப்பான பெயரோடு தப்பான வாசலில் கெடு தாண்டிப் போய் நின்று திரும்பி வருகின்றன. அதனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தைய வாரங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் கெடு

வேறு எதையும் யோசிக்கும் முன் நாட்காட்டியை எடுங்கள்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால், தொழிலாளர் தகராறுகளைப் பார்க்கும் சமரச, நடுவர் ஆணையத்தில் புகார் கொடுக்க 30 நாள். இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள், ஆனால் பாகுபாடு நடந்தது என்றால், அது நடந்த நாளிலிருந்து 6 மாதம். பாகுபாடு என்று சொல்ல முடியாத, ஆனால் முறைகேடான பதவி உயர்வு, பதவி இறக்கம், தற்காலிக நீக்கம் போன்றவற்றுக்கு 90 நாள். மூன்றும் வேறு வேறு. பாகுபாட்டால் வேலை போனவர் "6 மாதம் இருக்கிறதே" என்று உட்கார்ந்திருந்தால் தவறிவிடும். வேலைநீக்கம் எந்தக் காரணத்தால் நடந்தாலும் அது 30 நாள் கணக்குத்தான்.

கம்பெனிக்குள் மேல்முறையீடு செய்து, நிர்வாகம் நீக்கத்தை உறுதி செய்தால், அந்தக் கடைசி முடிவு வந்த நாளிலிருந்து 30 நாளை எண்ணலாம். ஆனால் மேனேஜர் போனில் "பார்க்கலாம், பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது மேல்முறையீடு ஆகாது. அந்தப் பேச்சில் மாதம் ஓடிப்போனவர்கள் நிறைய.

கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடலாம். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கு ஜெயிக்க வாய்ப்பு உண்டா, எதிர்த்தரப்புக்கு என்ன பாதிப்பு என்று சத்தியப் பிரமாணத்தோடு எழுத வேண்டும். பிரமாணப் பத்திரத்தைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே செய்துதருவார்கள். மனு ஏற்கப்படும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

எந்தக் காரணம்?

1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், 55-ஆம் எண். அதன் 6-ஆம் பிரிவுதான் இந்த வழக்குகளுக்கு அடித்தளம். இனம், நிறம், பால், கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, இன அல்லது சமூகப் பூர்வீகம், பாலியல் நாட்டம், வயது, உடல் குறைபாடு, மதம், எச்ஐவி, மனசாட்சி, நம்பிக்கை, அரசியல் கருத்து, பண்பாடு, மொழி, பிறப்பு என்று நீளமான பட்டியல். பட்டியலின் கடைசியில் "இது போன்ற வேறு தன்னிச்சையான காரணம்" என்று ஒரு வாசலும் உண்டு. வேலைக்கு விண்ணப்பித்தவருக்கும் இது பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும். இன ஒதுக்கீட்டுத் திட்டம் போட வேண்டிய கடமைதான் 2025 ஜனவரியிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களோடு நின்றுவிட்டது. பாகுபாடு காட்டாதிருக்கும் கடமையிலிருந்து சின்ன முதலாளிக்கும் விலக்கு இல்லை.

மேனேஜர் கடுகடுப்பானவர், வேண்டியவருக்கு ஓவர்டைம் கொடுக்கிறார், உங்களைக் கண்டால் பிடிக்காது. இதெல்லாம் அநியாயமாக இருக்கலாம், ஆனால் சட்டம் சொல்லும் பாகுபாடு ஆகாது. பட்டியலில் உள்ள ஒரு காரணத்தோடு முடிச்சுப் போட முடிந்தால்தான் ஆகும். முடிச்சு விழுந்துவிட்டால் நிலைமை உங்கள் பக்கம் சாயும். பாகுபாடு நடக்கவில்லை, அல்லது நடந்தது நியாயமானதுதான் என்று நிரூபிக்கும் பாரம் 11-ஆம் பிரிவின்படி முதலாளி தலையில் விழுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள தன்னிச்சையான காரணம் என்று போனால் அந்தப் பாரம் முழுக்க உங்களுடையது.

அந்தக் கடைசி வாசல் எவ்வளவு குறுகல் என்பதற்கு நாயுடு வழக்கைச் சொல்லலாம். நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு ஊழியர்கள், போலீஸிலிருந்து புதிதாக எடுத்த ஆட்களுக்குத் தங்களைவிட அதிகச் சம்பளம் என்று வழக்குப் போட்டார்கள். 2020-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன்னிச்சையான காரணம் என்றால் பட்டியலில் உள்ளவற்றைப் போல மனித கண்ணியத்தைத் தொடுவதாக இருக்க வேண்டும், வெறும் சம்பள வித்தியாசம் போதாது என்றது. சம்பளத்தைப் பற்றிய புகார் என்றால் இதை மனத்தில் வையுங்கள். 2014 ஆகஸ்டிலிருந்து சம வேலைக்குச் சம ஊதியம் என்று தனி உட்பிரிவே இருக்கிறது. ஆனால் அதே முதலாளியிடம் அதே வேலை அல்லது அதற்கு ஈடான வேலை செய்யும் ஒருவரைக் காட்ட வேண்டும், வித்தியாசத்துக்குக் காரணம் இனமோ பாலோ அது போன்றதோ என்றும் காட்ட வேண்டும். அவர் சீனியர் என்பதால் அதிகம் என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மூக்குத்தி, காவடி, தைப்பூசம்

நம் ஆட்களுக்கு அதிகம் வரும் தகராறு இங்கேதான். தைப்பூசத்துக்கு லீவு கேட்டால் இல்லை என்கிறார்கள். காவடி விரதத்துக்குத் தாடி விட்டால் வார்னிங் கொடுக்கிறார்கள். குங்குமம் வைத்தால் யூனிஃபார்ம் விதி என்கிறார்கள். தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறை கிடையாது என்பதும் புதிதாக வருகிறவர்களுக்கு அதிர்ச்சி.

சட்டத்தின் போக்கைப் புரிந்துகொள்ள மூன்று வழக்குகள் போதும். முதலாவது, டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி போட்டது பற்றிய பிள்ளை வழக்கு. அரசியல் சட்ட நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. மூக்குத்தி மதம் கட்டாயமாக்கியதா, விருப்பத்தின் பேரில் போடுவதா என்பது பெரிதில்லை, விருப்பமான பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றது. அது பள்ளி வழக்கு, வேறு சட்டத்தின் கீழ் நடந்தது. ஆனால் 2013-இல் சிறைக் காவலர்களின் சடைமுடி வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலையிடத்திலும் இதே வழியில்தான் போனது. முடி குட்டையாக இருப்பது அந்த வேலைக்கு இன்றியமையாத தேவை என்று சிறைத்துறையால் காட்ட முடியவில்லை, வேலையிழந்தவர்கள் ஜெயித்தார்கள். 2018-இல் ஃபேரிஸ் வழக்கு வந்தது. சனிக்கிழமையைப் புனித நாளாகக் கொண்ட ஒரு பெண், சனிக்கிழமை சரக்கு எண்ணும் வேலைக்கு வராததால் நீக்கப்பட்டார். மாற்று ஏற்பாடு செய்ய முதலாளி உண்மையாக முயலவில்லை என்று மேல்முறையீட்டிலும் அவருக்கே வெற்றி.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, "மாற்று ஏற்பாடு கேட்டேன்" என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும் என்பது. தைப்பூசம் எப்போது என்று ஒரு வருடத்துக்கு முன்பே பஞ்சாங்கத்தில் தெரியும். மூன்று மாதம் முன்பே மெயில் போடுங்கள், இன்னாரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளத் தயார், வருட லீவில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே வழி சொல்லுங்கள். முந்தின நாள் மாலை வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு மறுநாள் போகாமல் இருந்தால், முதலாளி வழக்கைப் பாதி ஜெயித்துவிட்டார். இன்னொன்று, உணவுத் தொழிற்சாலையிலும் சுழலும் இயந்திரத்தின் பக்கத்திலும் நகை கூடாது என்றால் அது எல்லாருக்குமான பாதுகாப்பு விதி. அங்கே மூக்குத்திக்காகச் சண்டை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்பதே வழி.

"இந்தியர் என்பதால் பதவி உயர்வு இல்லை"

தனியாகச் சொல்ல வேண்டிய கஷ்டமான விஷயம். இந்தச் சட்டத்தில் "கறுப்பின மக்கள்" என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம், ஆனால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை சார்ந்த நிபந்தனை உண்டு. சமீபத்தில் மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சட்டத்துக்கு உட்பட்ட முன்னுரிமைத் திட்டம் பாகுபாடும் ஆகாது. அதே சமயம் திட்டம் கண்மூடித்தனமாக இருக்கவும் கூடாது. 2016-இல் சிறைத்துறை ஊழியர்கள் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம், நாட்டு மக்கள்தொகை விகிதத்தை மட்டும் பார்த்து மேற்கு கேப் மாகாண விகிதத்தை விட்டது தவறு என்று சொன்னது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இந்தியர் எண்ணிக்கை அதிகம் என்பதால் அந்தத் தீர்ப்பை இங்குள்ளவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். என் அபிப்பிராயம்: இந்த வகை வழக்கை மட்டும் தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். நீளும், செலவாகும், பெரும்பாலும் கம்பெனியின் சமத்துவத் திட்ட ஆவணத்தில்தான் முடிவு இருக்கும்.

காகிதம் சேர்ப்பது

1894-இல் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, டர்பனில் எஜமானன் அடித்து முன்பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு இளம் வக்கீல் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி அவரை முதலில் அனுப்பியது டாக்டரிடம், சான்றிதழ் வாங்க. அப்புறம்தான் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார். வரிசை இன்றைக்கும் அதேதான்.

நடந்ததை அன்றிரவே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. அசிங்கமான வார்த்தையை "கெட்ட வார்த்தை சொன்னார்" என்று நாகரிகமாக மாற்றாதீர்கள். "கூலி" என்று கூப்பிட்டார் என்றால் அப்படியே எழுத வேண்டும். வேலை ஒப்பந்தம், பேஸ்லிப், ரோஸ்டர், வாட்ஸாப் குரூப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், லீவு மறுத்த மெயில் எல்லாம் ஒரு உறையில். நீங்கள் பங்கெடுக்கும் உரையாடலை நீங்களே பதிவு செய்வது இந்த நாட்டில் சட்டத்துக்கு விரோதமில்லை. ஆனால் மற்ற இருவர் பேசுவதை ஒளிந்திருந்து பதிவு செய்தால் வம்பு. கம்பெனியின் கஸ்டமர் பட்டியலையோ சம்பளக் கோப்பையோ சொந்த மெயிலுக்கு அனுப்பினால் அதற்காகவே உங்களை நீக்கலாம்.

உள்ளே புகார்

சிசிஎம்ஏ என்று எல்லாரும் சொல்லும் சமரச, நடுவர் ஆணையத்துக்குப் போகும் முன், பிரச்சினையைத் தீர்க்க நியாயமான முயற்சி செய்ததாகக் காட்ட வேண்டும். அதனால் எழுத்தில் ஒரு குறை மனு, எச்சாருக்கும் (பணியாளர் விவகாரம் பார்க்கும் அதிகாரி) மேனேஜருக்கும். யூனியன் இருந்தால் ஷாப் ஸ்டீவர்டுக்கும், அதாவது வேலையிடத்து யூனியன் பிரதிநிதிக்கும், நகல். மனுவில் காரணத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: "என் மதத்தின் அடிப்படையில்", "என் இனத்தின் அடிப்படையில்".

சக ஊழியரோ சூப்பர்வைசரோ தொல்லை கொடுக்கும்போது இந்தப் படி இன்னும் முக்கியம். 60-ஆம் பிரிவின்படி, புகார் வந்ததும் முதலாளி உடனே சம்பந்தப்பட்டவர்களோடு பேசி நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தொல்லை கொடுத்தவர் செய்ததற்கு முதலாளியே பொறுப்பு. நீங்கள் சொல்லவே இல்லை என்றால் அந்தப் பிடி நழுவிவிடும். 2022 மார்ச் 18 முதல் நடைமுறையில் உள்ள தொல்லைத் தடுப்பு நெறிமுறைக் கோவை, பாலியல் தொல்லையோடு இனத்தின் பெயரால் செய்யும் தொல்லையையும் விரிவாகச் சொல்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் எச்சார் நிமிர்ந்து உட்காருவார்.

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. நீக்கினால் அது தானாகவே அநியாய நீக்கம் என்ற பெரிய வகையில் சேரும். ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வேறு வழியின்றி விலகினேன் என்பதும் நீக்கத்துக்குச் சமம்தான், ஆனால் அதை நிரூபிப்பது மிகக் கடினம்.

7.11 படிவம்

சிசிஎம்ஏவில் பணம் எதுவும் கட்ட வேண்டாம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகனஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு. கேட்க வேண்டியது 7.11 என்ற எண்ணுள்ள படிவம்.

தகராறின் வகை என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேலை போயிருந்தால் அநியாய நீக்கம். வேலையில் இருந்தால் சமத்துவச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப் பாகுபாடு. எல்லாவற்றிலும் டிக் போட்டுவைப்போம் என்று போட்டால் ஆணையத்தின் கமிஷனருக்கும் குழப்பம், எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதும் கட்டத்தில், "என்னைக் கேவலமாக நடத்துகிறார்கள், மன உளைச்சலாக இருக்கிறது" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "தைப்பூசத்துக்காக நவம்பர் 4 அன்று எழுத்தில் விடுப்புக் கேட்டேன். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஒரு சக ஊழியர் சம்மதித்தார். காரணம் சொல்லாமல் மறுத்தார்கள். அதே மாதத்தில் வேறு மதத்தைச் சேர்ந்த இருவருக்கு மத விழாவுக்கு விடுப்புக் கொடுத்தார்கள். விழாவுக்குப் போனதற்காக இறுதி எச்சரிக்கை தந்தார்கள்." இந்த ஐந்து வரிக்குள் காரணம், ஒப்பீடு, தேதி, பாதிப்பு நான்கும் வந்துவிட்டன. விரும்பும் தீர்வு என்ற கட்டத்தில் "நீதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். எச்சரிக்கையை ரத்து செய்ய வேண்டும், இத்தனை மாதச் சம்பளம் நஷ்டஈடு, விடுப்பு விதி மாற வேண்டும் என்று கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்பார்கள். அதிகாரபூர்வ மொழிகளுக்குத்தான் ஆணையம் ஏற்பாடு செய்யும், தமிழுக்கு உங்கள் செலவில் ஆளைக் கூட்டிப்போக வேண்டும். அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரே இருக்கிறது, ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் கூலி நம் பையிலிருந்துதான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு, முதலில் முதலாளிக்கு ஒரு நகல். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து, தபாலில் என்றால் ரிஜிஸ்டர் ரசீது, மெயில் என்றால் அனுப்பிய பிரதி. அந்தச் சான்றோடுதான் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல் உங்களுக்குத்தான், கெடு நிற்காது.

சமரச அறையில்

பொதுவாக 30 நாளுக்குள் சமரசக் கூட்டம் நடக்கும். கமிஷனர் தீர்ப்புச் சொல்ல வந்தவர் இல்லை, பேசி முடித்துவைக்க வந்தவர். இந்தக் கட்டத்தில் வக்கீலுக்கு அனுமதி கிடையாது. நீங்களோ உங்கள் யூனியன் அதிகாரியோ பேசலாம். அங்கே பேசுவதைப் பின்னால் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதால் மனம் திறந்து பேசலாம். போகும் முன் குறைந்தபட்சம் எதற்கு ஒத்துக்கொள்வேன் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்றால் அந்த விஷயத்தில் அப்புறம் எந்த வழக்கும் இல்லை.

ஒத்துவராவிட்டால் தீரவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து எந்தக் கதவு?

சான்றிதழ் கிடைத்ததிலிருந்து 90 நாள் என்று கணக்கு வையுங்கள். பாகுபாட்டு வழக்கு வழக்கமாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். சிசிஎம்ஏவிலேயே நடுவர் விசாரணை கேட்க மூன்று வழி உண்டு: பாலியல் தொல்லை வழக்கு என்றால், உங்கள் ஆண்டு வருமானம் அரசு அறிவிக்கும் வரம்புக்குக் கீழே என்றால் (2025 ஏப்ரல் 1 முதல் அது 261,748 ராண்ட் 45 சென்ட்டாக இருந்தது), அல்லது இரு தரப்பும் சம்மதித்தால். வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு நடுவர் விசாரணையே நல்லது என்று நினைக்கிறேன். செலவு குறைவு, சீக்கிரம் முடியும். ஒரே குறை, அங்கே கிடைக்கும் பொருள் இழப்பீடு அதே வரம்புத் தொகையைத் தாண்ட முடியாது. விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

பாகுபாட்டால் வேலையிழந்தவர் போக வேண்டியது தொழிலாளர் நீதிமன்றம். அங்கே திரும்ப வேலை கேட்கலாம், அல்லது 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடு. சாதாரண அநியாய நீக்கத்துக்கு 12 மாதம்தான் உச்சம். 24 என்பது உச்சவரம்பு, எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஃபேரிஸுக்கு 12 மாதம் கிடைத்தது. 2000-இல் எச்ஐவி இருப்பதால் விமான நிறுவனம் வேலை மறுத்த ஹாஃப்மன் வழக்கில், பணத்துக்குப் பதில் அந்த வேலையையே கொடுக்கச் சொன்னது அரசியல் சட்ட நீதிமன்றம். தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு நம் தலையில் விழுமோ என்ற பயம் பலருக்கு. தொழிலாளர் நீதிமன்றத்தில் தோற்றவர் செலவு தரவேண்டும் என்பது தானாக நடக்கும் விதி இல்லை, சட்டமும் நியாயமும் பார்த்துத்தான் உத்தரவு.

விசாவில் வந்தவர்களுக்கு

கோயிலுக்கு வந்த குருக்கள், உணவகத்துக்கு வந்த சமையல்காரர், ஐடி வேலைக்கு வந்தவர் எல்லாரும் ஊழியர்களே. வேலை அனுமதி காலாவதியான வெளிநாட்டவருக்கும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2008-இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதனால் "பேப்பர் சரியில்லை, வாயை மூடு" என்று மிரட்டினால் அது சட்டம் பேசும் பேச்சில்லை. ஆனால் வழக்கு ஜெயித்தாலும் விசா தானாக நீளாது. பொது வேலை விசா பெரும்பாலும் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. ஆகவே வழக்கு ஒரு பக்கம், குடிவரவு ஆலோசனை மறு பக்கம், இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குவதே முதல் வேலை.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்தில் வருமானச் சான்றைக் காட்டிக் கேட்கலாம். டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் ஜோகனஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்திலும் சட்ட உதவி மையம் உண்டு. போகும்போது வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று பேஸ்லிப், அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், தேதிவாரியாக நடந்ததை எழுதிய ஒரு பக்கம், இவற்றை எடுத்துப் போனால் முதல் நாளிலேயே வேலை நகரும்.